பேரீச்சம்பழத்துக்குப் போடுவதாக இல்லை

என் பழைய சான்ட்ரோ கார் 3,00,000 கிலோமீட்டர் ஓடி முடித்ததென்று ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட ஓடோமீட்டர் (ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர்) படத்தையும் அதற்குக் கீழே ஒரு மனிதர் எழுதியதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்ப எடுத்துப் போட்டு அவருக்கு இன்னொரு தடவை விளம்பரம் கொடுக்கப்போவதில்லை. பேரீச்சம்பழத்துக்குப் போடவேண்டிய வண்டியாம். கஞ்சத்தனமாம். அப்புறம் கடைசியில் ஒரு சலுகை: "ஏதோ அதிர்ஷ்டம், ஓடுது."

முதல் இரண்டைக்கூட விட்டுவிடலாம். அந்த மூன்றாவதுதான் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

அதிர்ஷ்டமா? 2008 ஜூனில் எடுத்த சான்ட்ரோ. இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, மதுரையில் ஓடுகிறது. ஞாயிறு காலை 3,00,000 கிலோமீட்டர். வாங்கிய அன்று ஒரு எண்பது பக்க நோட்டு போட்டேன். இப்போது ஓடுவது நாலாவது நோட்டு. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தச் சாமான், என்ன விலை, எல்லாம் அதில் இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்கு யாராவது நோட்டு போட்டு எழுதுவார்களா?

டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் அது ரப்பர். பிஸ்டனோடு சேர்ந்து சுற்றுகிற கிராங்கையும், வால்வைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டையும் தப்பாமல் ஒன்றாகச் சுற்றவைப்பது அதுதான். அறுந்தால் வால்வு திறந்தபடியே நின்றுவிடும், கீழேயிருந்து வருகிற பிஸ்டன் அதில் போய் இடிக்கும், வால்வு வளையும், அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்காமல் முடியாது. அறுவதற்கு முன்னால் அது நமக்கு லெட்டர் போட்டுச் சொல்லாது. அதனால் 60,000-க்கு ஒரு தடவை, கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங்கும் சேர்த்து மாற்றிவிடுவேன். நாலு தடவை ஆயிற்று. ஐந்தாவது பெல்ட் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை என் மெக்கானிக் பாய் பட்டறையில் வேலை. இன்ஜின் ஆயில் 10,000 வரை போகலாம் என்பார்கள். நான் 7,000 தாண்டவிட்டதில்லை. நோட்டில் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த மகான் என்று சொல்லவரவில்லை. முதல் ஐந்தாறு வருடம் ரேடியேட்டர் விஷயத்தில் நான் முட்டாள். மருந்து கம்பெனிப் பிரதிநிதி வேலை. ராமநாதபுரம், தேனி, விருதுநகர் என்று மாதம் பூராவும் ரோட்டில்தான். தண்ணீர் குறைந்தால் எந்த ஊரில் நிற்கிறேனோ அந்த ஊர்க் குழாயில் பிடித்து ஊற்றுவேன். ராமநாதபுரத்துத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எவ்வளவு உப்பு என்று. அந்த உப்பு உள்ளே என்ன செய்திருக்கும்? 2014-இல் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மேலே போனது. ஏசியை அணைத்தேன். மறுபடி ஏறியது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். மூடியைத் திறக்கவில்லை, பச்சைத் தண்ணீரை ஊற்றவில்லை. கூட வந்த மேனேஜர் "குமுளி போயிடலாம்யா, நாலு கிலோமீட்டர்தானே" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த நாலு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும். இந்த 3,00,000 வந்திருக்காது.

ரேடியேட்டரைக் கழற்றியபோது கரைத்த செங்கல் மாதிரி ஒன்று வழிந்தது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. அன்றிலிருந்து கூலன்ட் தவிர வேறு எதுவும் ஊற்றியதில்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் தூக்கி ஒரு நிமிடம் பார்ப்பேன். அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர் தன் வண்டியின் பானட்டைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, கஞ்சத்தனத்துக்கு வருவோம். போன வருடக் கணக்கு நோட்டிலிருந்தே: ஆயில், ஃபில்டர், முன்சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் (மதுரை ரோட்டுக்கு இது மளிகைச் சாமான் மாதிரி, வந்துகொண்டே இருக்கும்), கிளட்ச் செட், ஒரு பேட்டரி, எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு 8 லட்சம் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 16,600 கட்டவேண்டும். நான் ஒரு வருடத்துக்குச் செலவழிப்பது இரண்டு தவணைகூட இல்லை. இதைக் கணக்குப் பார்த்தால் கஞ்சன் என்றால் நான் கஞ்சன்தான். மிச்சமான பணத்தில் மகள் எம்.எஸ்ஸி. முடித்தாள். அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போடுங்கள்.

"பழைய வண்டி புகை விடுமே, சுற்றுச்சூழல்?" என்று ஒருவர் நியாயமாகவே கேட்டிருந்தார். ஆமாம், 2020-க்கு அப்புறம் வருகிற, புகைக் கட்டுப்பாடு கூடிய பிஎஸ் 6 வண்டியைவிட இது கூடுதலாகத்தான் விடும். ஆனால் ஒரு புது வண்டிக்கான இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மரத்திலா காய்க்கிறது? அதை உருக்கி வார்க்கிற புகை எந்த ஊர் வானத்தில் போகிறது? 2023-இல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டினேன், பசுமை வரி தனி. பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "யாரு சார் மெக்கானிக்?" என்று கேட்டார். 2025-இல் 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். அடுத்து 2028-இல் போவேன், கட்டுவேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் லேசாக நீலப் புகை (ஆயில் எரிகிற அடையாளம்) வந்தது என்று 2,60,000-இல் வால்வு சீல் மாற்றினேன். பிஸ்டன் பக்கம் இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை.

ஏர்பேக் இல்லையே என்கிறீர்களா? இல்லைதான். பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸும் இல்லை. மகளும் இதையேதான் சொல்கிறாள். எண்பதுக்கு மேல் நான் போவதில்லை, அவ்வளவுதான் என் பதில்.

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்று ஒரு அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 வண்டியை 2013-இல் 30 லட்சம் மைல் தொடவைத்தார், நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். 2018-இல் சாகும்வரை அதைத்தான் வைத்திருந்தார். அவரை கின்னஸில் போட்டார்கள். வெள்ளைக்காரர் செய்தால் சாதனை, மதுரைச் செல்லூர்க்காரன் செய்தால் பேரீச்சம்பழம்.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரிலும் இதே பாட்டுத்தான். டை கட்டிய பையன் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, கம்ப்யூட்டரில் வருடத்தைப் பார்த்துவிட்டு "சார், இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட், எக்ஸ்சேஞ்ச்ல போடுங்க" என்றான். ஓடுகிறதா, எப்படி ஓடுகிறது என்று பார்க்கவேண்டாமா? வருடத்தை மட்டும் பார்த்தால் போதுமா? இரண்டு வருடம் முன்னால் எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான் ஒரு பட்டியல் எடுத்து, வருடத்தை மட்டும் பார்த்து, கேக் வெட்டி அனுப்பினார்கள். மாதக் கடைசியில் டார்கெட்டைத் தொட்டவன் யார் என்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டமே இல்லை. சரி, அது வேறு கதை.

உண்மையில் அந்த மனிதர் எழுதியதுகூடப் பெரிதில்லை, அவர் யாரோ. அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்ட 41 பேரின் பெயரை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பதினேழாவது பெயர் என் மச்சான்.

மச்சான், 2019 விருதுநகர் பங்குனிப் பொங்கல் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணி, உங்களுக்கு நெஞ்சு வலி. வாசலில் நின்ற உங்கள் வண்டி, வாங்கி மூன்று வருடம், பட்டனை அமுக்கினால் டிக் டிக் என்றது, அவ்வளவுதான். பேட்டரி. என் வண்டி ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது, ஏனென்றால் அதன் பேட்டரியை ஜனவரியிலேயே மாற்றியிருந்தேன். 1,94,000 சொச்சத்தில். நோட்டில் இருக்கிறது. மதுரை வரும்வரை அக்கா உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் அழுதுகொண்டே வந்தார்கள். அன்றைக்கு ஒருநாள் எண்பதைத் தாண்டினேன்.

இந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்கிறாள் வீட்டம்மா, அவள் அண்ணன் வருத்தப்படுவாராம். எடுப்பதாக இல்லை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வழக்கம்போலப் போகலாம் மச்சான், இந்தத் தடவை உங்கள் புது வண்டியிலேயே. காலை நாலு மணிக்கு வந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் பானட்டைத் தூக்கிக் கூலன்ட் மட்டும் பார்த்து வையுங்கள்.