வெறும் மணலில் எஞ்சினை முறுக்குகிறவர்களுக்கு

இரவல் போன என் வள்ளத்து எஞ்சின் திரும்பி வந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்தேன், அசையவில்லை. வள்ளத்தின் விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். சுவரில் கட்டிய கயிறு மாதிரி நின்றது. ஜாம். கொண்டுவந்து வைத்தவன் என் பெண்டாட்டிக்குத் தம்பி முறை. முகத்தில் ஒரு வாட்டமும் இல்லாமல் சொல்கிறான்: "நல்லாத்தான் ஓடிட்டு இருந்துது அத்தான், திடீர்னு நின்னுட்டு."

திடீரென்று நிற்குமா எஞ்சின்? கடலில் போகிற யாராவது இதை நம்புவார்களா?

நடந்ததைப் பக்கத்து வள்ளத்துக்காரர் சொன்னார். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. தேங்காய்ப்பட்டணம் கரையில், வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணியிருக்கிறான். எதற்கு? கூட நின்ற பையன்களுக்குச் சத்தம் காட்ட! எஞ்சின் கால், அதுதான் தண்ணீருக்குள் இறங்க வேண்டிய அடிப்பகுதி, மணலுக்கு மேலே தொங்குகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, இவன் முறுக்குகிறான். உடனே அணைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும். அணைக்கவில்லை. மறுபடி முறுக்குகிறான். ஒருத்தன் போனை எடுத்துப் படம் பிடிக்க, அவனுக்காக இன்னும் ஒரு தடவை. கரையில் நின்ற பெரியவர் ஒருத்தர், "லேய், தண்ணியில இறக்கிட்டு முறுக்குடா" என்று கத்தியிருக்கிறார். அந்தச் சத்தத்தில் அது யார் காதில் விழும்?

அந்தக் காலுக்குள் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது. இம்பெல்லர். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றி எஞ்சினைக் குளிர வைப்பது அதுதான். அது வழுக்கிச் சுற்றுவதற்குத் தனியாக எண்ணெய் எதுவும் கிடையாது, ஏறுகிற தண்ணீரேதான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம் சுற்றினாலே போதும், ரப்பர் உரசிச் சூடேறி இதழ்கள் கருக ஆரம்பித்துவிடும். இவன் ஒரு படத்துக்காக அதைக் கருக்கிவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறான்.

சரி, போனான். போகும்போதாவது ஒரு தடவை திரும்பிப் பார்த்தானா? எஞ்சினுக்குப் பின்னால் ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதே, அது எதற்கு இருக்கிறது? தண்ணீர் ஏறுகிறதா இல்லையா என்று நமக்குச் சொல்லத்தான். விடாமல் பீச்சினால் நிம்மதியாகப் போகலாம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் உடனே அணைத்துவிட்டு, உறிஞ்சுகிற வாயில் பிளாஸ்டிக் பையோ பாசியோ அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு அந்தத் துளையில் ஆவிதான் வந்துகொண்டிருந்ததாம். வள்ளத்தில் இருந்த ஒருத்தர்கூடத் தலையைத் திருப்பவில்லை.

அப்படியே வலையைப் போட்டு, வலையை எடுத்து, திரும்பி வருகிறார்கள். எங்கே வந்து நின்றது தெரியுமா? துறைமுக முகத்துவாரத்தில்! குழித்துறை ஆறு கடலில் விழுகிற அந்த வாயில் மணல் மேடு தட்டி, அலை எழும்பி, எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது, எத்தனை உயிர் போயிருக்கிறது! இரையுமன்துறையில் கேளுங்கள், பூத்துறையில் கேளுங்கள். அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை தூக்கினால், கரையிலிருந்து கடலுக்குள் நீளுகிற தூண்டில் வளைவுப் பாறையில்தான் மோதும். பின்னால் வந்த வள்ளத்துக்காரர் கயிறு வீசி இழுத்தார், அதனால் நாலு பேர் உயிரோடு கரையேறினார்கள். அவருக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். எஞ்சின் போனால் போகட்டும் என்று சொல்லத்தான் பார்க்கிறேன், வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த நாலு பேரும் பெண்டாட்டி பிள்ளை உள்ளவர்கள். அரை நிமிடச் சத்தத்துக்காக அவர்களைப் பணயம் வைத்திருக்கிறான்.

விழிஞ்ஞத்துக்கு எடுத்துப் போனோம். மெக்கானிக் சேட்டன் காலைக் கழற்றினார், பம்பு மூடியைத் திறந்தார். இதழ்கள் பிய்ந்து கறுப்புப் பிசினாக ஒட்டியிருந்தன. "வெள்ளமில்லாதெ ஓடிச்சோ?", தண்ணீர் இல்லாமல் ஓட்டினீர்களா என்று ஒரே கேள்விதான் கேட்டார். மேலே திறந்தால் பிஸ்டன் சுவரில் நீள நீளமாகக் கீறல். குளிர்ச்சி இல்லாமல் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வியிருக்கிறது. ரப்பர் சக்கரம் சில நூறு ரூபாய்ச் சாமான். சிலிண்டர் அப்படியா?

அதுவும் எந்த நேரத்தில்? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. பைபர் வள்ளக்காரனுக்குத் தடை இல்லை, அவன் கையில் நாலு காசு புரளுவது அந்த இரண்டு மாதத்தில்தான். அடுத்த வள்ளங்கள் மீனோடு வந்து ஏலம் போடுவதை நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவன் ஒருத்தன் என்றில்லை. கடலிலிருந்து வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, காலை முக்கி, பத்து நிமிடம் ஓடவிட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது? உப்பு உள்ளே காய்ந்து வழியை அடைத்த பிறகு கம்பெனிக்காரனைத் திட்டுகிறார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினை அணைப்பதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும் என்று சொன்னால், பெட்ரோல் விற்கிற விலையில் யாரால் முடியும் என்கிறார்கள். மறுநாள் விடிகாலையில், உள்ளே தங்கிய மண்ணெண்ணெயால் எஞ்சின் பிடிக்காமல், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற பிறகு என்னிடம் பிளக் கேட்டு வருகிறார்கள். இன்னொரு ஆள் எஞ்சின் அழகாக இருக்கட்டும் என்று காலில் இருக்கிற துத்தநாகக் கட்டிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார். ஐயா, மற்ற இரும்பு, அலுமினியம் எல்லாவற்றுக்கும் பதிலாக உப்புத் தண்ணீரில் கரைந்து போகத்தானே அந்தக் கட்டியை அங்கே வைத்திருக்கிறான்! அதை மூடிவிட்டால் கால் அரிக்காமல் என்ன செய்யும்?

அப்புறம் கரையில் இருக்கிற நல்ல தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் வரிசையாகப் பைக்கை நிறுத்திவிட்டு ஏலம் பார்க்கப் போகிறவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவன் உங்கள் பைக்குக்கு மேலே ஏறியா தண்ணீர் பிடிப்பான்? ஹேண்டிலைப் பூட்டிவிட்டு வேறு போகிறீர்கள்!