கோப்புகளைப் பார்த்தால் போதுமா?

கற்பித்தல் திறனுக்கான தரநிலைகளை வைத்தே தொழிற்கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி. தென்னாப்பிரிக்காவின் 50 அரசுத் தொழிற்கல்லூரிகளின் விரிவுரையாளர் தகுதிகளுக்கு 2013லேயே கொள்கை வந்துவிட்டது. பாடம் நடத்தத் தெரிந்தால் மட்டும் போதாது, தொழிலிட அனுபவமும் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

ஆனால் டர்பனில் நான் வெல்டிங் சொல்லித்தரும் இடத்தில், போன வருடம் என்னை மதிப்பிட வந்தவர் கோப்புகளைப் புரட்டினார், கையெழுத்துகளை எண்ணினார், போய்விட்டார். பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையனுக்குக் கை நடுங்கி வெல்டிங் கோணலாக ஓடும்போது, பின்னால் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துகிறேனே, அதற்கு மதிப்பீட்டுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? (ஸ்லைடை அப்படியே வாசிக்கும் பக்கத்து அறைக்காரருக்கு முழு மதிப்பெண்!) அடுத்த முறை வருகிறவர் ஒரு மணி நேரமாவது வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களோடு நிற்கட்டும்.