பத்தாயிரம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று...

சோனியின் பிஎஸ் 5 (பிளேஸ்டேஷன் 5) கேம் பெட்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, டிஸ்க் மாடலா டிஜிட்டலா என்பதுதான். பாதிப் பேர் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள். டிஸ்க் போடும் டிரைவ் இல்லாமல், கேமை இணையத்தில் மட்டும் வாங்கி இறக்கும் டிஜிட்டல் எடிஷன் பத்தாயிரம் ரூபாய் கம்மியாகத்தான் இங்கே வந்தது. 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 49,990, 39,990 என்று இரண்டு விலை. பிறகு விலை ஏறியபோதும், ஸ்லிம் என்ற மெலிந்த மாடல் வந்தபோதும் அந்தப் பத்தாயிரம் இடைவெளி அப்படியே இருந்தது. "இந்தக் காலத்துல யாருங்க டிஸ்க் போட்டு ஆடுறா?" என்று கூடவே ஒரு கேள்வி வேறு.

நான் போடுகிறேன். நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்றால் நீங்களும் டிஸ்க் மாடலையே வாங்குங்கள்.

இது மலரும் நினைவுகள் விவகாரம் இல்லை. டிஸ்க் வரும் நீல டப்பாக்கள் அலமாரியில் வரிசையாக நின்றால் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் அலமாரியில் எப்போது பார்த்தாலும் மூன்று நான்கு டப்பாக்களுக்கு மேல் இருக்காது. வாங்குவேன், ஆடுவேன், விற்றுவிடுவேன். கணக்கு ரொம்ப எளிது. புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. 2022 நவம்பரில் காட் ஆஃப் வார் ரக்னராக் வந்தபோது 4,999. கதையை முடித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் விற்றால் மூவாயிரம் வரை தேறும். ஆக எனக்கு ஆன செலவு இரண்டாயிரம். இப்படி நான்கு கேம் கைமாறினால் டிரைவுக்குக் கூடுதலாகக் கொடுத்த பத்தாயிரம் வீடு வந்து சேர்ந்துவிடும். அவசரமே இல்லை, ஆறு மாதம் கழித்து ஆடினால் போதும் என்பவர் அதே டிஸ்கை என்னிடம் மூவாயிரத்துக்கு வாங்கி, முடித்துவிட்டு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறார். அவருக்கு ரக்னராக் ஐந்நூறு ரூபாய்.

காலேஜில் சீனியரிடம் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த வருஷம் ஜூனியரிடம் தள்ளிவிடுவோமே, அதே ஏற்பாடு. நம் ஊரில் கன்சோல் கேமிங் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடாமல் இருக்கிறதென்றால், அதற்கு இந்தச் சுழற்சி முக்கியமான காரணம். டிஸ்க் வேண்டுமா டிஜிட்டலா என்று ஆங்கிலத்தில் நடக்கும் சண்டைகளில் சேகரிப்பு, பாதுகாப்பு, வரலாறு என்று பெரிய பெரிய விஷயமெல்லாம் பேசுவார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். ஐயாயிரம் ரூபாய் பொருளை வாங்கினவனுக்கு அதைத் திரும்ப விற்கும் வசதி இருக்கிறதா, இல்லையா? டிஜிட்டலில் இல்லை. ஆடி முடித்த கேம் உங்கள் கணக்கில் சும்மா கிடக்கும். தம்பியின் கணக்குக்கு மாற்றித் தரக்கூட முடியாது.

பழைய டிஸ்க் வாங்குவது ஒரு தனிக் கலை. டப்பாவைத் திறந்ததும் டிஸ்கைத் திருப்பி, வெளிச்சத்துக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ப்ளூ-ரேயில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பழைய டிவிடியில் அது 0.6. அதனால்தான் ப்ளூ-ரேக்கு மேலே கீறல் விழாதபடி கெட்டியான பூச்சு ஒன்று போடுகிறார்கள். கைரேகை, தூசி எல்லாம் பிரச்சினையே இல்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் லேசான கோடுகூடப் பரவாயில்லை. வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல் இருந்தால் பேசாமல் டப்பாவை மூடிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் தகவலும் அந்தத் திசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நடுத்துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பதும் அவசியம். இவ்வளவும் பார்த்து, முந்நூறு ரூபாய் பேரம் பேசி, டீக்கடை வாசலிலேயே ஜிபே செய்துவிட்டு வரும் சுகம் கன்சோலின் ஆன்லைன் ஸ்டோரில் பட்டனை அழுத்துவதில் கிடையாது. (சரி, கொஞ்சம் மலரும் நினைவும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.)

கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. டிவி கேம் காலத்தில் தெருவில் யாரிடம் எந்த கேசட் இருக்கிறது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். பிஎஸ் 2 காலத்தில் பர்மா பஜார் திருட்டு டிஸ்க் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது, அல்லது வாழவைத்தது, உங்கள் மனசாட்சியைப் பொறுத்து. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கலாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வந்ததே, வாங்கினதைத் திரும்ப விற்கலாம் என்று தெரிந்த பிறகுதான்.

டிஜிட்டலில் நல்லதே இல்லை என்று சொல்ல வரவில்லை. சின்ன ஸ்டூடியோக்கள் செய்யும் இண்டி கேம்கள் பெரும்பாலும் டிஸ்காக வருவதே இல்லை. தள்ளுபடியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாதக்கணக்கில் ஆடும் ஆன்லைன் கேமுக்கு ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் டிஸ்க் போடுவது கடுப்பு. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் டிஸ்கின் ஆயுளுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு டிஸ்குக்குப் பதில் வரும் குட்டி கார்ட்ரிட்ஜில் குழந்தைகள் வாயில் போடாமல் இருக்க டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பு மருந்தைத் தடவியே விற்கிறார்கள். நக்கிப் பார்த்தேன். சொன்னது உண்மைதான்.

ஆனால் டிஜிட்டலில் விற்க முடியாத குறையை ஈடுகட்ட நம் ஆட்கள் கண்டுபிடித்திருக்கும் வழியைப் பாருங்கள். இன்ஸ்டாவிலும் டெலிகிராமிலும் 'பிரைமரி அக்கவுண்ட்', 'செகண்டரி அக்கவுண்ட்' என்று கேமைக் கணக்கோடு சேர்த்து, ஒரே கணக்கைப் பல பேருக்கு விற்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய் கேம் ஆயிரத்து ஐந்நூறுக்கு. என் அலுவலக நண்பர் ஒருவர் இப்படி வாங்கினார். ஒரு மாதம் ஓடியது, ஒரு நாள் கேம் மேல் பூட்டு ஐகான் வந்தது, திறக்கவே முடியவில்லை. விற்ற பையன் போனை எடுக்கவில்லை. கன்சோல் கம்பெனியிடம் புகார் சொல்லவும் வழியில்லை, கணக்கை விற்பதே அவர்கள் விதிப்படி தப்பு. விற்கவும் வாங்கவும் நேர் வழி இருந்திருந்தால் இந்தக் குறுக்கு வழிக்கு யார் போகப் போகிறார்கள்?

இணையத்தையும் கணக்கில் எடுங்கள். ஃபைபர் இருக்கிற வீட்டில் 90 ஜிபி கேமை இறக்குவது ஒரு ராத்திரி வேலை. தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவருக்கு அது ஒன்றரை மாத வேலை. பிஎஸ் 5-இல் டிஸ்க் போட்டாலும் கேம் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்குத்தான் காப்பியாகும், பேட்ச் என்ற திருத்த அப்டேட்டும் வரத்தான் செய்யும். ஆனாலும் பேட்ச் இறங்கும் வரை காத்திருக்காமல், டிஸ்கில் இருப்பதை வைத்து ஆட ஆரம்பித்துவிடலாம். முதல் பிஎஸ் 5-இல் 825 ஜிபி என்று போட்டிருப்பதில் நமக்குக் கிடைப்பது 667. நாலைந்து பெரிய கேம் ஏற்றினால் ஒன்றை அழித்தாக வேண்டும். அழித்ததைத் திரும்ப ஏற்ற டிஸ்க் வைத்திருப்பவனுக்கு யார் தயவும் வேண்டாம்.

தயவு என்றதும் பி.டி. ஞாபகம் வருகிறது. 2014 ஆகஸ்டில் பிஎஸ் 4 ஸ்டோரில் இலவசமாக வந்த திகில் டெமோ, ஹிடியோ கோஜிமா என்ற ஜப்பானிய கேம் இயக்குநர் செய்தது. ஒரே ஒரு வளைந்த வராந்தா, திரும்பத் திரும்ப அதே வராந்தா. நடுங்கிக்கொண்டே ஆடினார்கள். அடுத்த ஆண்டே அது முன்னோட்டமாக இருந்த சைலண்ட் ஹில்ஸ் கேம் திட்டத்தை கோனாமி நிறுவனம் கைவிட்டது, டெமோவையும் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. புதிதாக எடுக்க முடியாது என்பது சரி, ஏற்கெனவே இறக்கி அழித்தவர்களாலும் மறுபடி இறக்க முடியவில்லை. பி.டி. உள்ளே இருக்கிறது என்பதற்காகவே பழைய பிஎஸ் 4 பெட்டிகளை ஈபேயில் கொள்ளை விலைக்கு வைத்தார்கள். இதற்கு நேர் எதிர் நிண்டெண்டோவின் சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ். 2021 மார்ச் 31-க்குப் பிறகு விற்கமாட்டோம் என்று சொல்லியே விற்றார்கள், சொன்னபடி ஸ்டோரிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். ஆனால் கார்ட்ரிட்ஜ் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் யாரிடமாவது வாங்கலாம்.

இந்த இடத்தில் டிஸ்க் பக்தர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. டிஸ்க் கையில் இருந்தால் கேம் நம்முடையது என்பது இப்போது எல்லா டிஸ்குக்கும் பொருந்தாது. 2022-இல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிஎஸ் 5 டிஸ்கில் இருந்தது சுமார் 70 எம்பி. நூறு ஜிபி வரை கொள்ளும் டிஸ்கில் ஒரு பாட்டு ஆல்பம் அளவு சமாச்சாரம், மிச்சம் முழுக்க டவுன்லோடு. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ இன்னும் மோசம். 2014-இல் வந்த கார் பந்தய கேம், தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள், டிஸ்க் வைத்திருந்தவர் கையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சோனியின் கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியாகி செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அந்த மட்டும் விட்டார்கள்.

2025-இல் ஸ்விட்ச் 2-உடன் நிண்டெண்டோ கொண்டுவந்த கேம்-கீ கார்டு இன்னொரு விசித்திரம். கார்டு இருக்கும், உள்ளே கேம் இருக்காது. செருகினால் சர்வரிலிருந்து இறங்கும், பிறகு ஆடும்போதெல்லாம் கார்டு செருகி இருக்க வேண்டும். டிஸ்க்காரர்கள் பலர் இதைக் காறித் துப்புகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம், அதனால் என் கணக்குக்குப் பாதி தேறுகிறது. சர்வர் நிற்கிற அன்று பிளாஸ்டிக்தான் மிஞ்சும், அது மறுபாதி. அதே ஸ்விட்ச் 2-க்கு சைபர்பங்க் 2077 என்ற பெரிய கேமை முழுசாக 64 ஜிபி கார்டில் போட்டு விற்றிருக்கிறார்கள். ஆக, முடியாது என்பதில்லை. பெரிய கார்டுக்குச் செலவு அதிகம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் யார் தட்டிக் கேட்பது? 2013-இல் ஒரு முறை நடந்தது. தன் புதிய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க் விற்கக் கட்டுப்பாடு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சோனி என்ன செய்தது தெரியுமா? பிஎஸ் 4-இல் கேமை எப்படிப் பகிர்வது என்று ஒரு சின்ன வீடியோ. ஒருவர் டப்பாவை நீட்டுகிறார், இன்னொருவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். முடிந்தது. உலகமே சிரித்தது, அதே ஜூனில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அன்றைக்கு நம் கோபம் பலித்ததற்குக் காரணம், அடுத்த கடை திறந்திருந்தது. அந்தச் சோனியே 2024-இல் பிஎஸ் 5 ப்ரோ என்ற சக்தி கூடிய மாடலை டிரைவ் இல்லாமல் 700 டாலருக்குக் கொண்டுவந்தது. வேண்டுமானால் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், மாட்டியதும் ஒரு முறை இணையத்தில் பதிவு செய்யுங்கள் என்கிறது. எனக்கு எரிச்சலூட்டுவது அந்தப் பதிவுதான். டிரைவ் என்பதே இணையத்தை நம்பாமல் இருக்கத்தானே?

அவர்கள் பக்கத்து நியாயமும் தெரிகிறது. சோனி விற்கும் முழு கேம்களில் பத்துக்கு ஏழுக்கு மேல் இப்போது டிஜிட்டல். டப்பா அச்சடிக்க வேண்டாம், கடைக்காரருக்குக் கமிஷன் வேண்டாம், என்னைப் போன்றவன் ஒரே டிஸ்கை நாலு பேருக்குச் சுற்றவிட்டால் அவர்களுக்கு முதல் விற்பனை மட்டும்தான் காசு. டிரைவ் இல்லாத பெட்டியை விற்றுவிட்டால் அந்தப் பெட்டிக்கு ஒரே கடைதான், விலையும் அந்தக் கடை வைத்ததுதான். பத்தாயிரம் தள்ளுபடி சும்மா வரவில்லை. கலிஃபோர்னியாவில் 2025-இலிருந்து, விற்பது உரிமம் மட்டும்தான் என்றால் அதைப் பட்டனை அழுத்தும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. சொல்கிறார்கள். மக்கள் படித்துவிட்டு அழுத்துகிறார்கள்.

என் வழக்கம் இதுதான். கதை உள்ள பெரிய கேம் டிஸ்கில். இண்டி டிஜிட்டலில். சர்வர் இல்லாமல் ஓடாத கேமுக்கு எந்த வடிவத்திலும் முழு விலை கொடுப்பதில்லை. வாங்கும் முன் டப்பாவின் முன்பக்கத்தில் டவுன்லோடு தேவை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

அப்புறம், ரக்னராக் டிஸ்கை இரண்டாவது முறையாக வாங்கி இரண்டாவது முறையாக முடித்தாகிவிட்டது. கீறல் கிடையாது, டப்பா மூலை ஒன்று மட்டும் லேசாக நசுங்கியிருக்கிறது. ஆஸ்ட்ரோ பாட் வைத்திருப்பவர் மாற்றிக்கொள்ளத் தயார் என்றால் இன்பாக்ஸ் வரவும். அக்கவுண்ட் விற்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.