கருப்பட்டியும் சீனிதான் பெரியப்பா

ஞாயிற்றுக்கிழமை பால்காய்ப்பு வீட்டில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். அங்கே வந்தவர்கள் பாதிப்பேர் இங்கேயும் இருக்கிறீர்கள். மீதிப்பேருக்கு அந்த டப்பா போட்டோ குடும்பக் குரூப்பிலிருந்து எப்படியும் வந்து சேர்ந்திருக்கும், 'பெற்ற தாய்க்கு மகள் கொடுக்கும் விஷம்' என்ற தலைப்போடு. அந்த மகள் நான்தான். வணக்கம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். என் அம்மா சுகர்காரி. காபியில் போட எடுத்தபோது அவள் கையிலிருந்து பெரியப்பா பிடுங்கிய டப்பாவில் இருப்பது சுக்ரலோஸ், சீனிக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பு மாத்திரை. பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் போனிலிருந்து வாசித்தது அஸ்பார்டேம் என்ற இன்னொரு செயற்கை இனிப்பைப் பற்றிய செய்தி. இரண்டும் வேறு வேறு பொருள். டப்பாவின் பின்னால் பெயர் போட்டிருக்கிறது. எழுத்து சின்னதுதான், ஆனால் கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

சரி, அஸ்பார்டேம் என்றே வைத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதை 2பி என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. புற்றுநோய் வரக் காரணமாக இருக்கலாம், ஆனால் ஆதாரம் போதாது என்பவற்றுக்கான பட்டியல் அது. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. 70 கிலோ ஆள் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாளைக்கு 9 முதல் 14 டின் டயட் கோலா குடிக்க வேண்டும். என் அம்மா குடிப்பது இரண்டு டம்ளர் காபி. இதையெல்லாம் பெரியப்பாவின் போன் சொல்லவில்லை போலிருக்கிறது.

அதே 2பி பட்டியலில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது. தினமும் காலையில் கற்றாழையை மடலோடு அரைத்துக் குடிப்பது யார் என்று நான் சொல்ல மாட்டேன். 'ஏட்டி, உங்கம்மைக்கு கேன்சரை நீயே காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கியா?' என்று கேட்டபோது அவர் கன்னத்தில் அதக்கியிருந்தது வெற்றிலையும் கொட்டைப்பாக்கும். பாக்கு முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 'இருக்கலாம்' என்ற பேச்சே கிடையாது. உறுதி.

ஆனால் நான் எழுத வந்தது கேன்சரைப் பற்றி இல்லை. டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு அவர் சொன்னாரே, 'இதுக்குப் பதிலா கருப்பட்டி போட்டுக் குடி, உடம்புக்கு நல்லது' என்று, அதைப் பற்றி. கருப்பட்டியும் சீனிதான் பெரியப்பா. உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தாலும் சீனிதான். கொஞ்சம் இரும்புச்சத்து இருக்கும், மணம் இருக்கும், நம் ஊர்ப் பனை என்ற பெருமை இருக்கும், எனக்கும் உண்டு அந்தப் பெருமை. ஆனாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். ரத்தத்துக்குள் போன பிறகு அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று கணையம் ஊர் விசாரிக்காது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாமே இந்தக் கணக்குதான்.

'ஒன்றுமே போடாமல் குடித்துப் பழகலாமே' என்பீர்கள். பழகலாம். அதுதான் ஆக நல்ல வழி, நான் மறுக்கவே இல்லை. அம்மாவுக்கு 66 வயது. பதினோரு நாள் வெறும் காபி குடித்தாள். கழனித்தண்ணி மாதிரி இருக்கு என்று தினமும் பாதி டம்ளரை செம்பருத்தி வேரில் ஊற்றினாள். பன்னிரண்டாம் நாள் நான் குளிக்கப் போன நேரத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் குடித்தது, அடுப்பு மேடையில் கிடந்த தூளில் மொய்த்த எறும்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்த டப்பா வந்தது அதற்குப் பிறகுதான். வருடத்துக்கு முன்னால் 9.1 இருந்த மூன்று மாத சுகர், அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, இப்போது 7.4. டப்பாவால் மட்டும் இல்லை, மாத்திரையை மாற்றினார்கள், சாயங்காலம் நடக்கிறாள். ஆனால் கருப்பட்டி நின்றதும் ஒரு காரணம்.

'உலக சுகாதார நிறுவனமே செயற்கை இனிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டது' என்று ஒரு அண்ணன் இன்பாக்ஸில் வந்தார். 2023 மே மாதம் சொன்னது அது. எடை குறைக்க இதை நம்பாதீர்கள் என்றார்கள். ஏற்கெனவே சுகர் இருப்பவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது அண்ணே. இஸ்ரேல் ஆய்வை இன்னொருவர் அனுப்பினார், சாக்கரினும் சுக்ரலோஸும் குடல் கிருமிகளை மாற்றுகின்றன என்று. படித்தேன். இரண்டு வாரம், ஆரோக்கியமான ஆட்களை வைத்துச் செய்தது. என் அம்மா ஆரோக்கியமான ஆளாக இருந்தால் நான் ஏன் இந்த டப்பாவைத் தேடப் போகிறேன்?

சென்னையில் மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் 179 சுகர்காரர்களை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். காபி, டீயில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டவர்களுக்கு மூன்று மாத சுகரில் பெரிய மாற்றம் இல்லை, எடையும் இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தன. அவ்வளவுதான். அது அமுதம் என்று நானும் சொல்லவில்லை. பச்சைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. சுகர் ஃப்ரீ மைசூர்பாகு என்று எழுதி விற்கிறானே, அவன் மேல் எனக்கும் கோபம்தான், கடலைமாவும் நெய்யும் எங்கே போயிற்றாம்? கம்பெனிக்காரன் எனக்குக் காசு கொடுத்தான் என்று நினைப்பவர்கள் என் மருந்துக்கடை பாக்கிச் சீட்டை வந்து பார்க்கலாம்.

என் அப்பாவுக்கும் இந்தச் செயற்கை இனிப்பு பிடிக்காது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் வாங்கித் தரமாட்டார். 'சாக்கரின் போட்டிருப்பான், வயிற்றுக்கு ஆகாது' என்பார். நான் திருட்டுத்தனமாக வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். முதலில் இனிக்கும், அப்புறம் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கும். வீட்டுக்கு வந்து நாக்கை நீட்டச் சொன்னால் ஆரஞ்சு கலர் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்பாவுக்கு சுகர் என்று தெரிந்ததும் வீட்டில் வெள்ளைச் சீனியை நிறுத்தியது பெரியப்பாதான். 'சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து' என்று பெட்டி பெட்டியாக அவரே வாங்கிவந்து இறக்கினார். பாசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அப்பா ஒரு நாளைக்கு நாலு கருப்பட்டிக் காபி குடித்தார், மருந்து குடிக்கிற நிம்மதியோடு. முதலில் இடது கால் சுண்டுவிரல். பிறகு பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. கருப்பட்டியால்தான் என்று நான் சொல்லவில்லை, மாத்திரையையும் ஒழுங்காகப் போடமாட்டார், புண்ணையும் மறைத்தார். ஆனால் அவர் செருப்பு வாங்கும்போது கடைக்காரர் இரண்டாவது செருப்பையும் பையில் போட்டுக் கொடுத்தாரே, அன்றைக்கு ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது நான். அந்த நாட்களில் எந்தப் பந்தியிலும் யாரும் கூட்டம் போட்டு அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை.

நாற்பது பேர் நடுவில் ஒரு பொம்பளையின் கையிலிருந்த டப்பாவைப் பறித்து வைக்கிற உரிமை யார் கொடுத்தது? இலையில் இரண்டு கரண்டி பாயசத்தை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊற்றினீர்களே, அப்போது வராத அக்கறை?

அம்மா பெரியப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். சிரித்துக்கொண்டே இருந்தாள். வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

தினமும் காலை ஐந்தரைக்கு அடுப்படியிலிருந்து அந்த டப்பாவின் சத்தம் கேட்கும், டிக், டிக், இரண்டு மாத்திரைக்கு இரண்டு. திங்களிலிருந்து கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டேன். 'விடுட்டி, பெரியவுக சொல்லுதாக. எதுக்கு வம்பு' என்றாள். அப்போ எதுவும் போடாமலா குடிச்சே என்றால், ஆமா என்று தலையாட்டினாள். கழுவ டம்ளரை எடுத்தேன். அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கருப்பட்டி மண்டி.