மூன்றாம் துட்மோஸை நெப்போலியன் என்று அழைப்பது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும்

எகிப்தின் பதினெட்டாம் அரசமரபைச் சேர்ந்த மூன்றாம் துட்மோஸைப் பற்றி எழுதுவோரில் பலர் ‘பண்டைய எகிப்தின் நெப்போலியன்’ என்ற பட்டத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. அமெரிக்க எகிப்தியலாளர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட்டின் வழியாகப் பரவிய இந்தப் பட்டம் அந்த மன்னனின் உண்மையான ஆற்றலை மறைத்துவிடுகிறது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். அவன் குள்ளமானவன் என்ற நம்பிக்கையும் இந்த ஒப்புமைக்குத் துணை போனது. பாதங்கள் சிதைந்து போயிருந்த மம்மியை அப்படியே அளந்து உயரத்தைக் குறித்ததால் வந்த பிழை அது. நெப்போலியன் தான் வென்றவற்றைத் தன் வாழ்நாளிலேயே இழந்து தீவில் கைதியாக இறந்தான். கி.மு. 1479 முதல் 1425 வரை ஏறத்தாழ 54 ஆண்டுகள் பாரோவாக, அதாவது எகிப்தின் மன்னனாக, இருந்த துட்மோஸ் நிறுவிய ஆதிக்கமோ, அவனுக்குப் பின் வந்தவர்களின் காலத்திலும் நிலைத்து நின்றது.

சிறுவனாக இருந்தபோதே அவன் அரசனானான். ஆனால் சுமார் 20 ஆண்டுகள் அவனது சிற்றன்னையும் அத்தையுமான ஹட்செப்சுட், தானே பாரோவாக முடி சூடி ஆட்சியை நடத்தினாள். அவள் மறைந்து, துட்மோஸ் தனித்து ஆளத் தொடங்கிய உடனேயே, சிரியாவிலிருந்த காதேஷ் நகர மன்னனின் தலைமையில் கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி), சிரியப் பகுதிச் சிற்றரசர்கள் கானானின் கோட்டை நகரான மெகிதோவில் திரண்டனர்.

கி.மு. 1457 அளவில் நடந்த அந்தப் போரில் எல்லோரும் போற்றுவது அருணா கணவாயைத்தான். மெகிதோவை அடைய மூன்று வழிகள் இருந்தன. வடக்கே ஒன்றும் தெற்கே தாநாக் வழியாக ஒன்றுமாக இரண்டு பாதைகள் அகலமானவை. நடுவிலிருந்த அருணா பாதையில் குதிரைக்குப் பின் குதிரையாக, ஆளுக்குப் பின் ஆளாகத்தான் செல்ல முடியும். முன்னணி போரிடும்போது பின்னணி இன்னும் கணவாய்க்குள்ளேயே சிக்கியிருக்கும் என்று தளபதிகள் எச்சரித்தும், அரசன் அந்தக் குறுகிய வழியையே தேர்ந்தெடுத்தான். எதிரிகள் மற்ற இரு பாதைகளின் முனையில் காத்திருந்ததால் அவனது துணிச்சல் பலித்தது. அதன் பிறகு நடந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கணவாயின் முகப்பில், பின்படை முழுவதும் வெளியே வந்து சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று அதே தளபதிகள் வேண்டியபோது, அவன் மறுக்காமல் காத்திருந்தான். ஆலோசனையை ஒருமுறை தள்ளி, அது சரியாக அமைந்த பின்னும், அடுத்த ஆலோசனைக்குச் செவி கொடுக்கும் தலைவர்கள் எந்தக் காலத்திலும் அரியவர்கள்.

மறுநாள் விடியலில் எதிரிகள் சிதறி ஓடினார்கள். கோட்டைக் கதவு மூடப்பட்டுவிட்டதால், மதிலின் மேலிருந்தவர்கள் அவர்களை ஆடைகளைப் பிடித்து மேலே தூக்கினார்கள். அந்த நேரத்தில் எகிப்தியப் படை தொடர்ந்து பாய்ந்திருந்தால் நகரம் அன்றே விழுந்திருக்கும்; ஆனால் வீரர்கள் கைவிடப்பட்ட தேர்களையும் பொருள்களையும் கொள்ளையடிப்பதில் இறங்கிவிட்டார்கள். இந்த அவமானத்தைச் சொல்வது எதிரியின் கல்வெட்டு அல்ல, துட்மோஸே கர்னாக் கோயில் சுவரில் பொறிக்கச் செய்த ஆண்டுக்குறிப்புகள். பாரோக்களின் கல்வெட்டுகள் பெரும்பாலும் தோல்வியை மறைப்பவை என்பதால், இந்த வரிகள் எனக்கு மிகப் பெரியவையாகத் தோன்றுகின்றன. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஏழு மாத முற்றுகை தேவைப்பட்டது. ‘மெகிதோவைப் பிடிப்பது ஆயிரம் ஊர்களைப் பிடிப்பதற்குச் சமம்’ என்று அவன் படைக்குச் சொன்னதும் அந்த முற்றுகையின் தொடக்கத்தில்தான்.

நகரம் பணிந்தபின், சரணடைந்த சிற்றரசர்களைக் கொன்று குவிக்காமல், விசுவாச உறுதிமொழி பெற்றுக்கொண்டு ஊருக்கு அனுப்பினான். பிற்காலப் படையெடுப்புகளின்போது அத்தகைய அரசர்களின் பிள்ளைகளை எகிப்துக்குக் கொண்டுசென்று வளர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தந்தை இறந்தால், நைல் கரையில் வளர்ந்த மகனே திரும்பிச் சென்று அரியணை ஏறுவான். கடலோரத் துறைமுகங்களில் ரொட்டி, எண்ணெய், மது, தேன் ஆகியவற்றை முன்கூட்டியே சேமித்து வைத்ததால், அடுத்தடுத்த படையெடுப்புகளுக்கு உணவு தயாராக இருந்தது. 33ஆம் ஆட்சியாண்டில் வட சிரியப் பகுதியிலிருந்த மிட்டானி நாட்டின் மீது சென்றபோது, லெபனான் கடற்கரைத் துறைமுகமான பிப்லோஸ் அருகே தேவதாரு மரத்தில் படகுகளைச் செய்து, மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்கு இழுத்துச் சென்று யூப்ரடீஸ் ஆற்றைக் கடந்தான். அவனது வாளைவிட இந்த வண்டிகளும் களஞ்சியங்களுமே அவனைப் பெரிய அரசனாக்கின என்பேன்.

இந்தப் போர்களின் விலையையும் அதே சுவர் சொல்கிறது. மெகிதோவில் கிடைத்தவற்றின் பட்டியலில் 924 தேர்களும் 2,041 குதிரைகளும் மட்டும் இல்லை. 20,500 ஆடுகளும், அந்தச் சமவெளி வயல்களில் அறுக்கப்பட்ட 2,07,300 மூட்டைக் கோதுமையும் இருக்கின்றன. படை தன் தேவைக்கு அறுத்துக்கொண்டது இந்தக் கணக்கில் சேராது. அந்த வயல்களை உழுதவர்கள் அந்த ஆண்டு எதை உண்டார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. எழுத்தர்களின் துல்லியத்தை வியக்கும் நாம், அந்த எண்களை இழந்தவர்களின் பக்கத்திலிருந்தும் வாசிக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஹட்செப்சுட்டின் பெயரும் உருவமும் நினைவுச் சின்னங்களிலிருந்து செதுக்கி அகற்றப்பட்டதை, அடக்கி வைக்கப்பட்ட இளைஞனின் பழிவாங்கல் என்று விவரிப்பதை நான் ஏற்கவில்லை. அந்த அழிப்பு அவள் இறந்து சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகே தொடங்கியது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கோபம் அத்தனை ஆண்டுகள் காத்திருக்காது. மகன் இரண்டாம் அமென்ஹோடெப்புக்கு அரியணை சிக்கலின்றிச் சேர வேண்டும் என்ற அரசியல் கணக்கே அதன் பின்னால் இருந்திருக்கும் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த விளக்கம் குற்றத்தைக் குறைக்காது, கூட்டவே செய்கிறது. தன் படையின் ஒழுங்கீனத்தைக் கூட மறைக்காமல் பொறிக்கச் செய்த அரசன், அதே கர்னாக்கில் தனக்கு வளமான நாட்டை விட்டுச்சென்ற ஓர் ஆட்சியாளரின் பெயரை நிதானமாகத் திட்டமிட்டு அழிக்கச் செய்தான். அவனை மனமாரப் போற்றும் நான் இதற்கு ஒரு சமாதானமும் சொல்லப் போவதில்லை.