மருந்து குடித்தவரும் அதே ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்

தடுப்பு மருந்து எடுத்துக்கொண்ட கிராமத்தினருக்கும் காலரா வருவதை, ஏதோ மருந்தே தோற்றுவிட்டது போல நான் படித்த ஒரு கட்டுரை சொல்லிவிட்டது. அவசரத் தீர்ப்பு.

ஆப்பிரிக்க நாடான மலாவியின் சில்வா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மீனவர்கள் பலர் தண்ணீரின் மேல் மிதக்கும் குடிசைகளிலேயே தங்குகிறார்கள். மலம் கழிப்பதும் ஏரியில், குடிக்க மொள்வதும் அதே ஏரியில். 2016-இல் காலரா பரவியபோது இவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தவர்கள், இரண்டாம் தவணைக்கு இவர்களைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்று, அந்தத் தவணைக்கான குப்பியைப் பையில் போட்டுக் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். ஊசி இல்லை, வாயில் ஊற்றிக்கொள்ளும் மருந்து என்பதால் அது முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனாலும் குடத்துத் தண்ணீரை மருந்து சுத்தம் செய்யாதே! இரண்டு தவணை போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. வருடம் போகப் போக அதுவும் தேயும். அப்புறம், 'ஓ' வகை ரத்தம் உள்ளவர்களுக்குக் காலரா வந்தால் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

2022 அக்டோபரில் மருந்துக் கையிருப்பு போதாமல், காலரா பரவும் இடங்களில் தற்காலிகமாக ஒரே தவணை என்று உலக அளவிலேயே குறைத்துவிட்டார்கள். ஒரு தவணையின் பலம் குறுகிய காலத்துக்குத்தான். நோய் வந்தவர்கள் எத்தனை தவணை எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், தண்ணீர் எங்கே மொண்டார்கள் என்பதைக் கட்டுரையாளர் முதலில் விசாரித்திருக்கலாம்.