எம்.பி.க்களுக்கு இதில் வேலையே இல்லையா?
"நிலையான வளர்ச்சி இலக்குகள் ஐ.நா. ஒப்பந்தம், அதை ஐ.நா.வே நிறைவேற்றும், எம்.பி.க்களுக்கு மனு போடுவது வீண்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு யாரும் மனு எழுதாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் திருத்தம்.

வறுமை ஒழிப்பு, குடிநீர், சுகாதாரம் போன்றவற்றில் 2030-க்குள் எட்ட வேண்டியவை என இந்த இலக்குகளை 2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் ஏற்றன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல, அரசியல் வாக்குறுதி. (அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில் ஏற்கப்பட்ட காலநிலை உடன்படிக்கை வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) மொத்தம் 17 இலக்குகள், அவற்றின் கீழ் குறிப்பாக எட்ட வேண்டிய 169 உள் இலக்குகள். இவற்றை எட்டாத நாட்டைத் தண்டிக்க ஐ.நா.வுக்கு எந்த அதிகாரமும் இல்லை. நாடுகள் தாமாக முன்வந்து முன்னேற்ற அறிக்கை தருகின்றன, அவ்வளவுதான்.

அப்படியானால் யார் செய்ய வேண்டும்? நாடுகள் 2015-இல் ஏற்ற அந்த ஆவணத்தின் 45-ஆவது பத்தியே பதில் சொல்கிறது: சட்டம் இயற்றுவது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, வாக்குறுதிகளுக்கு அரசைப் பொறுப்பேற்க வைப்பது ஆகியவற்றில் நாடாளுமன்றங்களின் பங்கு இன்றியமையாதது. குடிநீருக்கோ தாய்சேய் நலத்துக்கோ எவ்வளவு பணம் என்பது நியூயார்க்கில் முடிவாவதில்லை, பட்ஜெட் வாக்கெடுப்பில்தான் முடிவாகிறது. அமைச்சகங்களின் பணியை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவில் ஒரு உறுப்பினர் நேரடியாகக் கேள்வி கேட்டால், பொதுவாக அமைச்சகம் அதற்குப் பதில் தர வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியை அவர் கையில் கொடுப்பது நம் மனுதான்.

2024-இல் வந்த ஐ.நா. அறிக்கைப்படி, மதிப்பிட முடிந்த உள் இலக்குகளில் 17 சதவீதம் மட்டுமே சரியான பாதையில் இருந்தன. கெடு 2030. மனு எழுதும்போது "இலக்குகளை நிறைவேற்றுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒரு உள் இலக்கு, அதற்கான ஒதுக்கீடு, அடுத்த முன்னேற்ற அறிக்கை அவையில் எப்போது விவாதிக்கப்படும் என்ற கேள்வி, இந்த மூன்றையும் எழுதுங்கள்.